உப்பளத்துச் சிவப்புத் தண்ணி பத்தியும் எங்க ஊர்ப் பள்ளம் பத்தியும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல உப்பளத்துப் பாத்தி ஒண்ணுல தண்ணி ரோஸ் கலர்ல கிடக்குற படம் போட்டு, கெமிக்கல் கழிவு கலந்துடுச்சோன்னு மக்கள் பயப்படுறதா கீழ எழுதியிருந்தீங்க. அதைப் பாத்ததுல இருந்து எழுதணும் எழுதணும்னு நினைச்சு இன்னைக்குத்தான் நைட் டூட்டி முடிஞ்சு உக்காந்திருக்கேன். நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரன், எங்க அம்மா 30 வருஷத்துக்கு மேல உப்பளத்துல உப்பு வாருனவங்க, நான் 16 வருஷமா ஈசிஆர் பக்கம் ஒரு இறால் குஞ்சு ஹேச்சரியில டெக்னீஷியனா இருக்கேன். காலேஜ் வாத்தியார் இல்ல, ஆனா இந்தத் தண்ணிகளோடயே வளந்தவன்.

முதல்ல அந்தச் சிவப்பு. அது கழிவு இல்லங்க, உயிரு. உப்பு இறங்கப் போற நேரத்துல பாத்தித் தண்ணி அப்படித்தான் ஆகும், ஆகணும். நான் சின்னப் பையனா அம்மாவுக்குச் சோத்துத் தூக்கு கொண்டு போறப்ப கங்காணி அண்ணாச்சி பாத்தி ஓரத்துல நின்னு "தண்ணி செவந்துட்டு, இனி உப்பு இறங்கிரும்"னு சொல்றதைப் பல தடவை கேட்டிருக்கேன், அவருக்கு உப்பு அளக்குற மானி கூட அப்புறம்தான், கண்ணுதான் முதல்ல.

கடல் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும், உப்பளத்துல அதை 3 டிகிரின்னுவாங்க, இந்த டிகிரி சூடு இல்ல, மானியில பாக்குற உப்பு அடர்த்தி. வெயில்ல பாத்தி பாத்தியா மாத்தி மாத்தி விட டிகிரி ஏறிக்கிட்டே போகும், முதல் பாத்திகள்ல மீனு, இறால், நண்டு எல்லாம் இருக்கும், கொஞ்சம் ஏறுனதும் மீனு நிக்காது, அதுக்கப்புறம் வர்ற தண்ணி ஆர்டிமியாவோட ராஜ்யம், அது உப்புத் தண்ணியில வாழுற, இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு சின்னப் பூச்சி. 13, 14 டிகிரியில ஜிப்சம் படிய ஆரம்பிக்கும், 25 டிகிரியில உப்பு பூக்கும், அப்ப லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல உப்பு. அந்தத் தண்ணியில ஒரு உயிரும் இருக்காதுன்னு நாம நினைப்போம், ஆனா ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்ல வச்சா லட்சக்கணக்குல இருக்கும். ஹாலோபாக்டீரியம்னு ஒண்ணு, பேர்லதான் பாக்டீரியா இருக்கு, சாதி வேற, ஆர்க்கியான்னு தனிக் குடும்பம், அதை நல்ல தண்ணியில போட்டா உடைஞ்சு செத்துடும், உப்பு இருந்தாத்தான் உயிரோட இருக்கும். அதோட தோல்ல இருக்குற ஒரு ஊதா புரதத்தை வச்சு வெயிலை நேரடியா சக்தியா மாத்திக்கும், அந்தப் புரதத்தை 1971-லயே கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க. இன்னொண்ணு ஹாலோகுவாட்ராட்டம், தபால் தலை மாதிரி தட்டையா சதுரமா இருக்கும், 1980-ல சினாய் கடற்கரைப் பக்கம் உப்புக் குட்டையில வால்ஸ்பிங்கிறவர் பாத்தது, அதை லேப்ல வளக்க 2004 வரைக்கும் ஆச்சு. கூடவே டுனாலியெல்லான்னு ஒரு பாசி, அதுக்குக் கெட்டியான செல் சுவரே கிடையாது, வெளிய உப்பு இழுக்குற இழுப்புக்கு ஈடா உள்ள கிளிசரினா நிரப்பி வச்சுக்கும், வெயில் கருக்காம இருக்க கேரட்ல இருக்குற அதே பீட்டா கரோட்டினைச் சேத்துக்கும், அதனால பச்சைப் பாசி ஆரஞ்சா மாறிடும். இதுங்க எல்லாம் சேந்ததுதான் நீங்க படம் போட்ட கலர். கலர் கூடக் கூட தண்ணி வெயிலை நல்லா இழுத்துச் சூடாகி சீக்கிரம் ஆவியாகும், அதனாலதான் கங்காணிக்கு அதைப் பாத்தா சந்தோஷம். 2020-ல மகாராஷ்டிராவுல லோனார் ஏரி சிவந்தப்பவும் இதே பயம் வந்துச்சு, புனேவுல அகார்கர் ஆய்வு நிறுவனத்துல தண்ணியைச் சோதிச்சுப் பாத்துட்டு உப்பு விரும்புற இந்த ஆர்க்கியாதான்னு சொன்னாங்க. நம்ம வீட்டுலயே பாத்திருப்பீங்க, மழைக்காலத்துல சரியாக் காயாத கருவாடு மேல ரோஸ் கலர்ல பிசுபிசுன்னு பூத்துடும், அதுவும் உப்போட உப்பா வந்த இதே கூட்டம்தான்.

இதை எல்லாம் பாடம் நடத்துறதுக்காக எழுதலங்க ஐயா. சிவப்பா இருந்தா விஷம், நாறுனா சாக்கடை, காஞ்சு கிடந்தா தரிசுன்னு நாம பேர் வச்சுடுறோம், பேர் வச்சதும் லாரி வந்துடுது. எங்க ஊர்ல அதுதான் நடந்துச்சு, அதுக்கு வர்றேன்.

அதுக்கு முன்னாடி ஆர்டிமியாவைப் பத்தி. எங்க ஹேச்சரியில என் முதல் வேலையே அதுதான், இறால் குஞ்சுக்குத் தீனியா அதைப் பொரிக்க வைக்கிறது. அதோட முட்டை டின்ல வரும், உடைச்சா உள்ள காப்பித்தூள் மாதிரி, கை வச்சா வழுக்கிட்டு ஓடும், ஒரு கிராம்ல ரெண்டரை லட்சத்துக்கு மேல முட்டை. காஞ்ச முட்டையை மைக்ராஸ்கோப்ல பாத்தா காத்து போன பந்து மாதிரி ஒரு பக்கம் குழிஞ்சு இருக்கும், உப்புத் தண்ணியில போட்டு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல உருண்டையாயிடும். 28 டிகிரி சூடு, அடியில இருந்து நல்லா காத்து, மேல டியூப் லைட், இவ்வளவுதான் அதுக்கு வேணும், மறுநாள் காலையில ஓடு கீறி குஞ்சு வெளிய வந்து ஓட்டுக்குக் கீழயே கொஞ்ச நேரம் தொங்கும், குடை மாதிரி, நாங்களும் அம்ப்ரெல்லா ஸ்டேஜ்னுதான் சொல்லுவோம். அப்புறம் பிச்சுக்கிட்டு நீந்த ஆரம்பிச்சதும் காத்தை நிறுத்தி மேல மூடி கீழ லைட் காட்டுனா ஆரஞ்சு மேகம் மாதிரி அத்தனையும் அடிக்கு வந்துடும், ஓடு மேல மிதக்கும், கீழ் வால்வைத் திறந்து வலையில பிடிச்சுக்குவோம். 16 வருஷம் ஆகியும் அந்த மேகம் இறங்குறதைப் பாக்குறப்ப கையில இருக்குற டீ ஆறிடும்.

அந்த முட்டைக்குள்ள இருக்குறது வெறும் கரு இல்ல, சுமார் 4,000 செல் வரைக்கும் வளந்து அப்படியே நிறுத்தி வச்ச உயிர். ட்ரெஹலோஸ்னு ஒரு சர்க்கரையைச் சேத்து வச்சுக்கிட்டு உடம்புல இருக்குற தண்ணியை விட்டுடும், மூச்சு இல்ல, சாப்பாடு இல்ல, வருஷக்கணக்குல அப்படியே கிடக்கும். 1972-ல அப்பல்லோ 16-ல சந்திரன் வரைக்கும் இந்த முட்டையைக் கொண்டு போய்ட்டுத் திரும்பக் கொண்டு வந்தாங்க. தண்ணி நல்லா இருந்தா தாய் நேரடியா குஞ்சாவே போடும், உப்பு ஏறுது, மூச்சுக்குக் காத்து பத்தலன்னு தெரிஞ்சா குஞ்சுக்குப் பதிலா ஓடு போட்ட முட்டை போடும். அது மிதந்து காத்துல ஒதுங்கி பாத்தி ஓரத்துல தவிடு மாதிரி கோடு போட்டுக் கிடக்கும். அம்மா கிட்ட கேட்டா அழுக்குன்னுதான் சொல்லுவாங்க, கால்ல ஒட்டுனா கழுவி விட்டுட்டுப் போயிடுவாங்க, அந்த அழுக்கு டின்ல அடைச்சு வந்தா என்ன விலைன்னு நான் வேலைக்குச் சேந்த பிறகு சொன்னப்ப நம்பவே இல்ல.

உப்புக்கும் இது வேலை செய்யுது. ஆர்டிமியா இல்லாத பாத்தியில பாசி கட்டுக்கடங்காம வளந்து தண்ணி கொழகொழன்னு ஆயிடும், அந்தத் தண்ணியில வர்ற உப்பு பொடிப்பொடியா, நசுங்குற மாதிரி இருக்கும், பரல் கட்டாது. ஆர்டிமியா 11 ஜோடி காலையும் அடிச்சுக்கிட்டே மல்லாக்க நீந்தி அந்தப் பாசியைச் சலிச்சுச் சாப்பிடும், தண்ணியில உப்பு இன்னும் கூடுனதும் செத்து, சிவப்புக் கூட்டத்துக்கு அது சாப்பாடு ஆயிடும். கீழ் டிகிரிப் பாத்தியோட அடி மண்ணை ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பாருங்க, மேல ரப்பர் ஷீட் மாதிரி பச்சைப் படலம், அதுக்குக் கீழ ஊதா, அதுக்குக் கீழ கறுப்புச் சேறு, அழுகுன முட்டை நாத்தம். நாத்தம் அடிக்குதுன்னு மூக்கைப் பொத்துவோம், ஆனா அந்தப் படலம் இருக்குறதாலதான் தண்ணி மண்ணுக்குள்ள இறங்காம நிக்குது. பூநாரை, நெடுங்கால் உள்ளான், அங்குலம் கூட இல்லாத அலகை வச்சுக்கிட்டு ஓடுற கொசு உள்ளான், அதுங்க எல்லாம் இந்தச் சேத்தையும் ஆர்டிமியாவையும் நம்பித்தான் வருது. பூநாரைக்கு அந்த ரோஸ் கலரே சாப்பாட்டுல இருந்து வர்றதுதான்.

இதுல என் மனசை உறுத்துற ஒரு விஷயத்தையும் சொல்லிடணும், ஏன்னா எங்க தொழிலோட பங்கு அதுல இருக்கு. நாங்க வாங்குற டின்ல பாதிக்கு மேல அமெரிக்காவுல யூட்டா மாகாணத்துல கிரேட் சால்ட் ஏரியில அள்ளுன முட்டை. அந்த ஏரி தண்ணி வரத்து குறைஞ்சு 2022 நவம்பர்ல இதுவரைக்கும் இல்லாத அளவுக்கு வத்திடுச்சு, உப்பு ஏறி ஆர்டிமியாவே நிக்காம போயிடுமோன்னு அங்க பயந்தாங்க, டின் விலை ஏறுமோன்னு இங்க நாங்க பயந்தோம். ஆனா நம்ம உப்பளத்துலயே நம்ம சொந்த ஆர்டிமியா இருந்துச்சு ஐயா. ஆண் இல்லாம பெண்ணாவே முட்டை போட்டு வம்சம் நடத்துற இனம், தூத்துக்குடிப் பாத்திகள்ல அதுதான் இருந்துச்சு. ஹேச்சரி, இறால் பண்ணைகள்ல இருந்து கழிவுத் தண்ணியோட போன அமெரிக்க இனம் பாத்திகள்ல பரவி நம்ம இனத்தைத் தள்ளிடுச்சுன்னு 2012-லயே நம்ம நாட்டு விஞ்ஞானிகள் ஆய்வு வெளியிட்டிருக்காங்க. தொட்டியைக் கழுவி விடுறப்ப மிச்ச முட்டையை அப்படியே ஓடையில விடுறதை நான் என் கண்ணால பாத்திருக்கேன், என் கையாலயும் விட்டிருக்கேன், தெரியாம. இப்ப தெரியும், இப்ப எங்க ஷிப்ட்ல கழிவுத் தண்ணியை மெல்லிசு வலையில வடிச்சு குளோரின் போட்டுத்தான் விடுறோம். இதை எல்லா ஹேச்சரிக்கும் கட்டாயம் ஆக்கணும், செலவு ரொம்ப இல்ல.

இப்ப எங்க ஊர்ப் பள்ளம். எங்க பக்கம் தேரின்னு சொல்ற செம்மணல் மேட்டு ஓரத்துல மழைத் தண்ணி தேங்குற பெரிய தாழ்வுகளைத் தருவைன்னு சொல்லுவாங்க, சாத்தான்குளம் பக்கம் புத்தன்தருவை எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எங்க ஊர்ப் பள்ளம் அவ்வளவு பெருசு இல்ல, ஒரு ஏக்கர் கூட வராது, பனங்காட்டுக்குள்ள இருக்கு, ஐப்பசியில நிரம்பி தைப் பொங்கலுக்குள்ள வத்திடும், மத்த மாசம் எல்லாம் வெடிச்ச மண்ணுதான், ஆடு நடந்து போகும். தண்ணி வந்து பத்து நாள்ல அதுல ஒரு விரல் கணு நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி பூச்சி மல்லாக்க நீந்தும், வால் மட்டும் சிவப்பா இருக்கும், நாங்க மல்லாக்குப் பூச்சின்னு சொல்லிக்கிட்டு கொட்டாங்கச்சியில பிடிச்சு விளையாடுவோம். ஹேச்சரிக்கு வந்து வளந்த ஆர்டிமியாவை முதல் தடவை பாத்தப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு, அட இது நம்ம பள்ளத்துப் பூச்சிக்குச் சொந்தக்காரன்லான்னு. தேடிப் படிச்சா அது ஸ்ட்ரெப்டோகெபாலஸ், தென்னிந்தியக் குட்டைகள்ல இருக்குற நல்ல தண்ணி இனம், சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில பல வருஷமா அதை ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க.

மூணு வருஷம் முன்னாடி சித்திரை மாசம் ஊருக்குப் போனப்ப அந்தப் பள்ளத்துல நடுவுல இருந்து ரெண்டு கை மண்ணு, கட்டியா, செங்கல் துண்டு மாதிரி காஞ்சது, அள்ளிட்டு வந்து ரூம்ல ரெண்டு பக்கெட்ல போட்டேன். ஒண்ணுல எங்க போர் தண்ணி, இன்னொண்ணுல ஒரு கோடை மழைக்குப் பிடிச்சு வச்ச மழைத் தண்ணி. போர் தண்ணியில ஒண்ணும் வரல. மழைத் தண்ணி பக்கெட்ல ரெண்டாவது நாள் சாயங்காலம் டார்ச் அடிச்சா வெளிச்சத்துக்கு நேரா புள்ளிப் புள்ளியா துள்ளுது! நாலு மாசமா கல்லா கிடந்த மண்ணு. அந்த முட்டைக்கு உப்புச் சத்து இல்லாத புதுத் தண்ணின்னாத்தான் நம்பிக்கை வரும், அதுதான் மழை வந்துட்டுன்னு அதுக்கு அடையாளம். பத்து நாள்ல பெண்ணுக்கு வயித்துக்குக் கீழ முட்டைப் பை தெரிஞ்சுடுச்சு. கூடவே மொச்சைக் கொட்டை மாதிரி ரெண்டு ஓட்டுக்குள்ள இருந்து காலை நீட்டிக்கிட்டு ஒண்ணு, கடுகு அளவுல உருளுற வேற ஒண்ணு, நான் போடாமலே வந்துச்சு, எல்லாம் அந்த ரெண்டு கை மண்ணுக்குள்ளதான் இருந்திருக்கு. பக்கெட்டைக் காய விட்டு மறுபடி மழைத் தண்ணி ஊத்துனா திரும்பவும் கொஞ்சம் வந்துச்சு. அதாவது முதல் தண்ணிக்கு எல்லா முட்டையும் எந்திரிக்கிறது இல்ல, ஒரு பங்கு படுத்தே இருக்கும். முதல் மழை ஏமாத்திட்டுப் போயிட்டா எல்லாம் ஒண்ணா அழிஞ்சிடக் கூடாதுல்ல, நம்ம ஆச்சி விதைநெல்லைக் குலுக்கையில தனியா போட்டு வைக்கிற மாதிரிதான்.

அந்தப் பள்ளத்தைத்தான் போன மாசி மாசம் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடிட்டாங்க. யாருன்னு பேர் எழுதல, எழுதி ஒண்ணும் ஆகப் போறது இல்ல. கேட்டா ரெவின்யூ ரெக்கார்டுல தீர்வை ஏற்படாத தரிசு, சும்மா கிடக்குற இடம், கொசு வேற வருதுன்னாங்க. கொசுவுக்கு வர்றேன், டெங்கு பரப்புற கொசு வீட்டுத் தொட்டி, டயர், பிரிட்ஜுக்குப் பின்னாடி தட்டு, இப்படி நல்ல தண்ணி நிக்கிற சாமான்லதான் முட்டை போடும், பனங்காட்டுச் சேத்துப் பள்ளத்துல இல்ல. வேற கொசு வரும், வராதுன்னு சொல்லல, ஆனா அந்தப் பள்ளத்துல தவளைக் குஞ்சு, தட்டாம்பூச்சிக் குஞ்சு, தண்ணி வண்டுன்னு கொசுப் புழுவைத் தின்ன ஒரு கூட்டமே இருந்துச்சு, இந்தப் பூச்சிகளும் கொசுப் புழு திங்கிற அதே பாசியைப் பங்கு போட்டுக்கும். புழுவுக்குத் தெளிக்கிற மருந்து இதுங்களையும் சேத்துக் கொல்லலாம்.

நல்லது பண்ணணும்னு நினைக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ஊருக்கு ஊர் குளம் மீட்புன்னு இளைஞர்கள் இறங்கி வேலை பாக்குறாங்க, மனசாரப் பாராட்டுறேன், ஆனா எல்லாப் பள்ளத்தையும் ஜேசிபி வச்சு ஆழமாத் தோண்டி வருஷம் பூரா தண்ணி நிக்க வச்சு மீன் குஞ்சு விட்டா இதுங்க அந்த வருஷமே போயிடும். மல்லாக்குப் பூச்சிக்கு ஓடத் தெரியாது, ஒளியத் தெரியாது, மீனுக்கு அது பஞ்சுமிட்டாய். வருஷா வருஷம் குட்டை காயுறதாலதான் அங்க மீனு நிக்க முடியல, மீனு நிக்காததாலதான் இது இருக்கு, அதனால காயுறது அந்தக் குட்டைக்குக் கேடு இல்ல, அதுதான் அதுக்குக் காவல். தோண்டுறப்ப மேல் மண்ணை வழிச்சு எடுத்துட்டுப் போனாலும் முட்டை எல்லாம் லாரியில போயிடும், ஏன்னா முட்டை இருக்குறது மேல் ரெண்டு மூணு அங்குலத்துலதான்.

ஈரநிலச் சட்டத்துல உப்பளத்துக்கும் இடம் இல்ல. 2017-ல மத்திய அரசு போட்ட ஈரநில விதிகள்ல உப்பு எடுக்க மனுஷன் கட்டுனது, மீன் வளக்கக் கட்டுனதெல்லாம் ஈரநிலம் கணக்குல வராதுன்னு விட்டுட்டாங்க. கோடியக்கரை சரணாலயத்துக்குள்ள போனா பாதுகாப்பு, அதே பறவை அதே சாப்பாட்டுக்காக வெளிய ஒரு உப்பளத்துல இறங்கினா அது வெறும் இன்டஸ்ட்ரி நிலம். மும்பையில 2024-ல 250 ஏக்கருக்கு மேல உப்பள நிலத்தை வீடு கட்ட ஒதுக்கிட்டாங்க. நம்ம பக்கமும் உப்பு விலை கட்டுப்படியாகாம கைவிட்ட பாத்திகள் நிறைய கிடக்கு, எல்லாத்துலயும் ஏதாவது ஒரு பிளாட் போர்டு நிக்குது. உப்பளத் தொழிலாளிக்கு வேலை போறது தனிச் சோகம், அதைப் பத்தி எங்க அம்மா எழுதுனா இன்னும் நல்லா எழுதுவாங்க.

நான் கேக்குறது இதுதான் ஐயா. தரிசுன்னு ரெக்கார்டுல இருக்குற பள்ளத்தை மூட உத்தரவு போடுறதுக்கு முன்னாடி ஒரு மழைக்காலம், ஒரே ஒரு மழைக்காலம், பக்கத்துக் காலேஜ் விலங்கியல் பசங்களை விட்டுப் பாக்கச் சொல்லுங்க, இல்ல வெயில் காலம்னா ஒரு கிலோ மண்ணை எடுத்துட்டுப் போய் மழைத் தண்ணியில போட்டுப் பாக்கச் சொல்லுங்க, மூணு நாள் போதும். உப்பளம் விக்கிறப்ப பக்கத்துல என்ன பறவை இறங்குதுன்னு ஒரு கணக்கு எடுக்கச் சொல்லுங்க. நம்ம பேப்பர்லயும் தண்ணி சிவந்தா மர்மம்னு போடாம உப்பளத்துல 30 வருஷம் நின்ன ஒரு ஆள் கிட்ட கேட்டுப் போடுங்க, அவங்களுக்குத் தெரியும்.

எங்க பள்ளத்துல மேக்கு ஓரம் மட்டும் ஒரு ரெண்டு சென்ட் இன்னும் மூடாம கிடக்கு, லாரி திரும்ப இடம் வேணும்னு விட்டிருக்காங்க. போன வாரம் ஊருக்குப் போனப்ப அங்க இருந்து மண்ணு அள்ளி ஒரு பழைய ஆர்டிமியா டின்ல போட்டு வச்சிருக்கேன். ஐப்பசியில முதல் மழை விழுந்ததும் மாடியில பக்கெட் வச்சு தண்ணி பிடிச்சுடுவேன். உங்க நிருபர் யாராவது ரெண்டாவது நாள் சாயங்காலம் இருட்டுறப்ப வந்தா போதும், டார்ச் நானே வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உப்பளத் தொழிலாளி மகன் ஒருவன்,
தூத்துக்குடி மாவட்டம்.